சாகாத ஆட்டின் கணக்கு

படிவத்தில் அது 17ஆவது கேள்வி. "தடுப்பூசி போட்டதால் கடந்த ஓராண்டில் உங்களுக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் (ரூபாயில்)." எதிரே சின்னதாக ஒரு கட்டம்.

2009, சித்திரை வெயில். டி.கல்லுப்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில், அத்தை வீட்டுத் திண்ணையில், பரீட்சை அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். படித்தது எம்.ஏ. பொருளாதாரம், பிழைப்பு மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். கால்நடை ஆராய்ச்சிக்குச் செலவழித்த பணம் என்ன பலன் தந்தது என்று அளக்க ஒரு குழு வந்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூர் ஆள் தேடினார்கள். படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒப்புக்கொண்டேன். முதல் வேட்டை சொந்த ஊரிலேயே என்று வைத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே யாரும் விரட்ட மாட்டார்கள் என்பதுதான்.

அத்தை விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக் கேட்டேன்.

"என்ன மருமகனே கேக்குற? ஊசி போட்டா ரெண்டு குட்டி கூடப் போடுமா?"

"போடாதுத்தே."

"கறி கூட வைக்குமா?"

"அதுவும் இல்ல."

"பெறகு என்னத்த வருமானம் கூடுறது? செத்துச்சுன்னா செத்துச்சுன்னு எழுது. சாகாததுக்கு என்னன்னு எழுதுவ?"

கட்டத்தில் சைபர் போட்டேன். அன்றைக்கு நான் எழுதிய பதினோரு படிவங்களில் ஒன்பதில் அந்தக் கட்டத்தில் சைபர்தான். மற்ற இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஆளுக்கொரு தொகை சொன்னார்கள்.

அத்தை தெரியாமல் சொன்ன பதில் இல்லை அது. ஆடு சாவது என்றால் என்னவென்று ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1996 ஐப்பசி. நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அத்தையிடம் சின்னதும் பெரிதுமாக 26 வெள்ளாடு. பாதிக்குமேல் கன்னி ஆடு, கறுத்த உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுமாக நிற்குமே, அந்த ஜாதி. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு ஆடு மேயாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மூக்கில் சளி. மறுநாள் கண்ணில் பீளை கட்டியது. வாயைப் பிளந்து பார்த்தால் ஈறு முழுக்கத் தவிட்டை அப்பிய மாதிரிப் புண். அப்புறம் கழிச்சல். கொட்டத்துப் பக்கம் போக முடியாத நாற்றம். சீரகம், மஞ்சள், வேப்பிலை, கள்ளிமந்தையத்திலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு பொடி என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். மூன்று வாரத்தில் 15 ஆடு போயிற்று.

கொட்டத்துச் சுவரில் பால் கணக்குக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைப்பது அத்தையின் வழக்கம். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே கரித்துண்டால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு இழுத்திருந்தாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று, இப்படி மூன்று கட்டு. பிழைத்துக்கொண்ட 11 ஆட்டுக்குச் சுவரில் எதுவும் இல்லை.

பெரிய ஆடு ஒன்பது, ஒன்று 700 ரூபாய் என்றால் 6,300. குட்டி ஆறு, 250 வீதம் 1,500. ஆக 7,800 ரூபாய். ஆனால் நட்டம் அத்தோடு நிற்கவில்லை. தீபாவளிக்கு விற்கவேண்டிய கிடா இல்லாததால் 5,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினாள். மாதம் 150 ரூபாய், 14 மாதம், வட்டி மட்டும் 2,100. அந்த வருடம்தான் என் அத்தை மகள் எட்டாம் வகுப்போடு நின்றாள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தெய்வக் குத்தம் என்றார்கள், யாரோ சோளத்தட்டையில் மருந்து வைத்தார்கள் என்றார்கள். நோயின் பெயர் ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது வடக்கே எங்கும் இல்லை. 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அங்கே பிடித்த கிருமியிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி செய்தது. அதன் பெயரே 'அரசூர் 87'. முக்தேசுவரில் இந்திய கால்நடை ஆராய்ச்சிக் கழகம் செய்த இன்னொன்றின் பெயர் 'சுங்ரி 96'. சுங்ரி, இமாசலத்தில் ஒரு ஊர். எங்கள் கொட்டத்தில் கரிக்கோடு விழுந்த அதே 96இல் அந்த மலையூரில் ஆடுகளைப் பிடித்த கிருமி, பக்குவப்படுத்தப்பட்டு, நாடு முழுக்க ஊசியில் ஏறியது. ஒரு தடவை போட்டால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் காக்கும். ஒரு ஆட்டுக்கு ஆகும் மருந்துச் செலவு சில ரூபாய்.

2009இல் நான் படிவத்தோடு போனபோது அத்தையின் 22 ஆடும் ஊசி போட்டவை. கொட்டத்துச் சுவருக்கு வெள்ளையடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆராய்ச்சியின் பலனை அளப்பவர்கள் செய்வது இதுதான்: ஊசி வந்த பிறகான உலகம் ஒன்று, ஊசியே வராமல் போயிருந்தால் இருந்திருக்கக்கூடிய உலகம் இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது. முதல் உலகத்தைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதைக் கற்பனைதான் பண்ண வேண்டும். நோய் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும், வந்தால் நூற்றுக்கு எத்தனை சாகும், பிழைத்தது எவ்வளவு இளைக்கும், இழப்பு பயத்தில் எத்தனை பேர் ஆடு வளர்ப்பதையே விட்டிருப்பார்கள், எல்லாம் அனுமானம். அனுமானத்தில் ஒரு இலக்கம் மாறினால் விடையில் கோடிகள் மாறும். முன்னும் பின்னும் ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1996க்கும் 2009க்கும் நடுவே ஆட்டு விலை ஏறியது, ஊருக்கு ரோடு வந்தது, அத்தைக்குக் கைபேசி வந்தது. அத்தனையையும் ஊசியின் கணக்கில் ஏற்றினால் அது கள்ளக் கணக்கு.

இந்தக் கலைக்கு வழி போட்டவர் ஸ்வி கிரிலிக்கஸ். சிகாகோவில் பொருளாதாரம் படித்தவர், விஷயம் வீரிய மக்காச்சோளம், கட்டுரை வெளிவந்தது 1958இல். வீரிய விதை ஆராய்ச்சிக்குப் போட்ட ஒவ்வொரு டாலரும் வருடத்துக்கு 7 டாலர் திருப்பித் தந்தது என்று காட்டினார். அந்த '700 சதவீதம்' உலகமெங்கும் பரவியது. ஆனால் அதையே வேறு வழியில், போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீத வட்டி ஈட்டியது என்று பார்த்தால், 35 முதல் 40 சதவீதம்தான்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. உலகப் புகழ்பெற்ற அந்த ஆராய்ச்சியின் ஈட்டு, எங்கள் ஊர்க் கணக்கில் மூணு வட்டி. திருமங்கலத்திலிருந்து புல்லட்டில் வரும் பைனான்ஸ்காரர் எந்த விதையும் கண்டுபிடிக்காமலேயே அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அஞ்சு வட்டியும் பத்து வட்டியும் வாங்கியவர்கள் கிரிலிக்கஸைப் பார்த்து 'அவ்வளவுதானா' என்றுதான் கேட்பார்கள்.

சிரிப்பைத் தாண்டி இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் போடுவது இன்றைக்கு. பலன் வருவது பத்து, இருபது வருடம் கழித்து. வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு வட்டி விகிதத்தால் தள்ளுபடி செய்ய வேண்டும். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால், இருபது வருடம் கழித்து வரும் 100 ரூபாய் இன்றைக்குச் சுமார் 15 ரூபாய். அத்தையின் மூணு வட்டியை வருடத்துக்கொருமுறை அசலில் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதே 100 ரூபாய், இன்றைக்கு 21 காசு. அரசாங்கத்துக்கு 15 ரூபாயாகத் தெரிவது அவளுக்கு 21 காசாகத் தெரிகிறது. 'இந்த இன ஆடு வளர்த்தால் ஐந்தாம் வருடம் லாபம்' என்று முகாமில் சொல்பவரிடம் அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவதைப் பிற்போக்கு, விழிப்புணர்வு இல்லை என்றெல்லாம் அறிக்கையில் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம் வரும். அவள் சரியாகத்தான் கழித்துப் பார்த்திருக்கிறாள்.

கிரிலிக்கஸே ஒரு எச்சரிக்கையும் வைத்திருந்தார். எண்ணெய் கிடைத்த ஒரு கிணற்றை மட்டும் எடுத்து லாபம் கணக்கிடுவது போன்றது இது, வறண்டு போன கிணறுகளின் செலவையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு என்று. எங்கள் கரிசல் காட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணி வந்த போரைக் காட்டித்தான் ஏழு பேர் ஏழு போர் போட்டுப் புகைமண்ணைப் பார்த்தோம்.

அந்த வறண்ட கிணறுகள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஆட்டுக்கொல்லி ஊசிக்கு மதிப்பீடு செய்வார்கள். ஏதோ ஒரு பண்ணையில் பத்து வருடம் ஓடி, கலப்பினச் செம்மறி வெயில் தாங்காமல் போனதற்கு யாரும் மதிப்பீடு செய்யக் கூப்பிட மாட்டார்கள்.

என் அப்பத்தாவிடம் ஒரு வசவு இருந்தது. அடங்காத மாட்டைப் பார்த்து, "வெக்கையில போக!" என்பாள். சின்ன வயதில் நான் அதை வெயிலில் போகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். மாட்டை எதற்கு வெயிலில் போகச் சொல்ல வேண்டும், அது ஏற்கெனவே அங்கேதானே நிற்கிறது என்று குழப்பமாக இருக்கும்.

வெக்கை என்பது ஒரு நோய். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, வாய் வெந்து, கழிந்து கழிந்து ஒரு வாரத்தில் சாகும். ஊர் ஊராக உழவு மாடுகளை அள்ளிக்கொண்டு போனது. உழவு மாடு போனால் அந்த வருட வெள்ளாமையே போனது. இதற்காகவே ஆங்கிலேய அரசு 1889இல் பூனாவில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893இல் இமயமலைச் சாரலில் முக்தேசுவருக்குக் கொண்டுபோனது. 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் அங்கே கிருமியை ஆட்டு உடம்பில் மாற்றி மாற்றிச் செலுத்தி வீரியத்தைக் குறைத்து ஒரு தடுப்பு மருந்து கண்டார். பிறகு கென்யாவில் வால்டர் பிளௌரைட் திசு வளர்ப்பில் இன்னும் நல்ல ஊசி செய்தார். அதற்காக 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இந்தியா 1954இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் கடைசி வெக்கை கண்டது 1995இல், நம் வட ஆற்காட்டுப் பக்கம். 2006இல் நாட்டில் நோய் இல்லை என்று உலக அமைப்பு ஒப்புக்கொண்டது. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது.

பூனாவில் செங்கல் வைத்ததிலிருந்து இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது வரை 117 வருடம். 1889இல் எந்த ஆடிட்டரும் இந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

என் மகளிடம் வெக்கை என்றால் என்ன என்று கேட்டேன். "மே மாசம்" என்றாள். ஒரு சொல்லுக்கு இருந்த இரண்டு பொருளில் ஒன்று செத்துப் போயிருக்கிறது. ஆராய்ச்சியின் பலனைக் கையால் தொட்டுக் காட்டு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இதற்கு எத்தனை கோடி என்று கட்டத்தில் எழுதச் சொன்னால் மறுபடி சைபர்தான் போட வேண்டிவரும்.

இன்னொன்று, யாருடைய பணம் யாருக்குப் பலன் தருகிறது என்பது. சித்தப்பா கலப்பின மாடு வைத்திருக்கிறார். அவர் வாயில் ஒரு பழமொழி போலவே வரும்: "காலையில கத்துனா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்துனா மறுநா காலையில." மாடு பருவத்துக்கு வந்து கத்தியதும் உடனே சினை ஊசி போட்டால் நிற்காது, அரை நாள் விட வேண்டும் என்பது கணக்கு. பருவத்தைத் தவற விட்டால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். ஒரு நாள் தீவனச் செலவு 150 ரூபாய் என்றால் 3,150 ரூபாய் சும்மா கரைந்தது. அவர் இதை எங்கோ மாட்டாஸ்பத்திரியில் கேட்டார். ஆஸ்பத்திரியில் சொன்னவர் கல்லூரியில் படித்தார். கல்லூரிக்கு அது வந்தது 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்பவர் பசுக்களைக் கண்காணித்து எழுதிய முடிவிலிருந்து. நெப்ராஸ்கா வரிப்பணத்தில் சித்தப்பா வீட்டு மாடு சினையாகிறது. யார் கணக்கில் வரவு வைப்பது?

இதைவிடச் சிக்கலான கேள்வி, லாபம் யார் பையில் தங்குகிறது என்பது. கறிக்கோழியை எடுங்கள். இனப்பெருக்கம், தீவனம், மருந்து என்று ஆராய்ச்சி அதிகம் பாய்ந்த ஜீவன் இதுதான். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ வந்துவிடுகிறது. உற்பத்தி பெருகியது, விலை ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டால் எங்கேயோ கீழே நிற்கிறது. பலன் சாப்பிடுகிறவருக்குப் போய்விட்டது. வளர்க்கிறவருக்குக் கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. கோழியும் கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகை வெப்பமும் நாற்றமும் கடனும் மட்டும் அவருடையது. பொருளாதாரப் புத்தகத்தில் இதை நுகர்வோர் உபரி என்பார்கள். மதுரையில் ராத்திரி பதினொரு மணிக்கு பரோட்டாவுக்குச் சிக்கன் சால்னா ஊற்றிக்கொள்ளும் எல்லோர் தட்டிலும் அந்த உபரி கிடக்கிறது. குறை சொல்லவில்லை, நானும் அங்கே நிற்பவன்தான்.

ஆட்டுக்கறி அப்படி ஆகவில்லை. ஊசி சாவைக் குறைத்தாலும் தின்பவர்கள் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறியதால் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கறிதோசை சாப்பிட உட்கார்ந்தால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே ஆட்டில் வந்த பலனில் பெரும்பங்கு வளர்ப்பவரிடமே தங்கியிருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடு, 45 லட்சம் செம்மறி. இவற்றில் பெரும்பங்கு நாலும் பத்துமாக வைத்திருப்பவர்கள் கையில், அதிலும் பெண்கள் கையில். போட்ட பணம் ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால் கோழியைவிட ஆட்டுக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும் என்பது என் கட்சி. நடப்பது வேறு. கோழிக்குப் போட கம்பெனி இருக்கிறது, வெள்ளாட்டுக்கு அத்தைதான் இருக்கிறாள்.

அவளுடைய உழைப்புக்கும் படிவத்தில் ஒரு வரி இருந்தது: 'குடும்ப உழைப்பு'. நிரப்ப வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

இனி என் சொந்தப் பாவம். 2011 வைகாசி. நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சீசன். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வார்கள், இமயமலை ஊர் ஒன்றின் பெயர் அது. கணக்கெடுக்கப் போய்ப் பாதி டாக்டர் ஆகிவிட்ட மிதப்பில், "நானே மருந்து வாங்கிட்டு வர்றேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். மதுரையில் கால்நடை மருந்துக்கடையில் நூறு கோழிக்கான குப்பி. அதற்குக் குறைவாகக் கிடையாது. அத்தையிடம் இருந்ததோ 14 கோழி. சரி, தெருவுக்கே போடலாம் என்று டீ பிளாஸ்கில் ஐஸ் போட்டு, குப்பியைப் பாலித்தீனில் சுற்றி உள்ளே இறக்கி, பஸ் ஏறினேன். திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. இறங்கிப் பழைய கூட்டாளி ஒருவனோடு டீ குடித்தேன். அவன் தங்கச்சி கல்யாணக் கதை நீண்டது. ஒரு பஸ்ஸை விட்டேன், இன்னொன்றையும் விட்டேன். ஊர் போய்ச் சேர்ந்து பிளாஸ்கைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர்.

கொட்டிவிட்டிருக்க வேண்டும். தெருவே கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துக் காத்திருந்தது. வெட்கமாக இருந்தது. போட்டோம், 63 கோழிக்கு. உயிர்க்கிருமி ஊசி அது. சூட்டில் செத்துப்போனால் உள்ளே போவது வெறும் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் கழிச்சல் இறங்கியது. கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. ஆடி மாசத்துக்குச் சேவல் நேர்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

யாராவது அந்த வருடம் படிவத்தோடு வந்திருந்தால் '63 கோழிக்குத் தடுப்பூசி போடப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். தொழில்நுட்பம் மக்களைச் சென்றடைந்தது என்று பொருள்.

இந்த ஐஸ் பிரச்சினைக்காகவே ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்பிரோ, அந்த நாட்டின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் கொடுத்த பணத்தில், சூடு தாங்கும் ராணிக்கெட் தடுப்பு மருந்து செய்தார். 1980களில் மலேசியக் கிராமங்களில் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த 'ஐ-2' என்ற வகையின் மூலக்கிருமியை ஏழை நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் மாதவரத்தில் குருணையாகத் தூவிப் போடும் வாய்வழி மருந்து ஒன்றைச் செய்திருக்கிறது. பிடிக்க வேண்டாம், குத்த வேண்டாம், ஐந்து கோழிக்கு நூறு கோழிக் குப்பியை உடைக்க வேண்டாம். எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இதுதான். புதிய வீரியம் எதுவும் இல்லை, பிளாஸ்க் வேண்டாம் என்பது மட்டுமே கண்டுபிடிப்பு.

ஆராய்ச்சிக்கான செலவு ஒரு தடவை. ஐஸ் பெட்டிக்கான செலவு ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு ஊருக்கும். ஒன்றிய அரசு 2019இல் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்குமாக 13,343 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குறிவைத்தது 50 கோடிக் கால்நடை, காலம் ஐந்து வருடம். வகுத்துப் பார்த்தால் ஒரு உருப்படிக்கு வருடத்துக்கு 53 ரூபாய். இரண்டு டீ, இரண்டு வடை. இந்த 53 ரூபாயில் மருந்து, ஐஸ், வண்டி, ஆள், காதுவில்லை எல்லாம் அடங்க வேண்டும். காகிதத்தில் செலவுக்குப் பலன் விகிதம் நன்றாக வந்த பல ஆராய்ச்சிகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

கணக்கிலேயே வராதவை இன்னும் இரண்டு. மடிநோய்க்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் மருந்து. நாட்டு வைத்தியத்தை எடுத்து, அளவு கண்டு, சோதித்து, தஞ்சாவூரிலிருந்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். தேசிய பால்வள வாரியம் நாடு முழுக்கக் கொண்டுபோனது. சித்தப்பா வீட்டில் கற்றாழை வேலியிலேயே நிற்கிறது. பில் இல்லை, ரசீது இல்லை, விற்பனை இல்லை. எதை வைத்துச் சந்தை மதிப்பு போடுவது? இன்னொன்று புலிக்குளம் மாடு. மானாமதுரையில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பால் குறைவு. பால் லிட்டரில் அளந்தால் அந்த நிலையத்தை இழுத்து மூடச் சொல்வார்கள். கிடை போட்ட வயலின் எருவையும், வாடிவாசலில் அந்தக் காளை நிற்கும் நிலையையும் எந்த லிட்டரில் ஊற்றுவது?

போன ஆவணியில் அத்தையோடு திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்ட ஒரு கிடா. விடிவதற்குள் கூட்டம் நெரிந்தது. தரகர் வந்தார், கிடாவின் முதுகெலும்பை விரலால் அழுத்தினார், தொடையை ஒரு தூக்குத் தூக்கினார், உதட்டை விலக்கிப் பல் பார்த்தார். ரெண்டு பல். வாலைத் தூக்கிக் கழிச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ஊசி போட்ட கிடா. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ரெண்டும்" என்றாள் அத்தை.

"அதெல்லாம் இருக்கட்டும் ஆத்தா, எடைதான பேச்சு" என்றபடி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அத்தையின் கைமேல் போட்டார். துண்டுக்குள் விரல்கள் நகர்ந்தன. அத்தை தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி நகர்ந்தன. பக்கத்தில் யாரோ ஒருவர் பின்னங்காலில் கழிச்சல் ஒழுகும் நாலு குட்டியை இழுத்துக்கொண்டு போனார். எங்கள் கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அந்தக் குட்டிகளை மோந்து பார்த்தது.